மரியாவுக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோ: அறிவித்த நிவாரணமும் போய்ச் சேர்ந்த நிவாரணமும்

2018 ஜூன் முதல் தேதி, கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட புவேர்ட்டோ ரிக்கோ தீவின் சான் ஹுவான் நகரில், சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் மக்கள் காலணிகளைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்தார்கள். தேய்ந்துபோன ஷூ, வீட்டுக்குள் போடும் செருப்பு, உள்ளங்கையில் அடங்கிவிடும் குழந்தைச் செருப்பு. சிலவற்றில் பெயர் எழுதிய சீட்டைச் செருகியிருந்தார்கள். ஓரிரு நாளில் அந்த வரிசை ஆயிரக்கணக்கில் நீண்டது. 2017 செப்டம்பரில் தீவைத் தாக்கிய மரியா சூறாவளியில் இறந்தவர்கள் 64 பேர் என்றுதான் அதுவரை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. தங்கள் வீட்டுச் சாவு அந்த 64-இல் சேரவில்லை என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்த செருப்புகள் அவை.

ஒரு தீவுக்கு மத்திய அரசு எவ்வளவு நிவாரணம் தர வேண்டும் என்ற விவாதத்தை இந்தச் செருப்புகளிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. வாஷிங்டனில் அந்த விவாதம் பெரும்பாலும் டாலர் கணக்காகவே நடந்தது: எத்தனை கோடி கொடுத்தோம், இன்னும் எத்தனை கோடி கேட்கிறார்கள். தீவில் நடந்ததைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், தொகையைவிட முக்கியமான கேள்விகள் வேறு இருந்தன. யார் இறந்தார் என்று யார் முடிவு செய்வது? எது வீடு, யார் அதற்குச் சொந்தக்காரர்? அறிவித்த பணம் எந்தத் தேதியில் கைக்கு வரும்? நிவாரணத்தின் தலையெழுத்து இந்த இடங்களில்தான் எழுதப்பட்டது.

நடந்தது என்ன

2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா சூறாவளி தீவின் வடக்கே கடந்து போனது. அதிலேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் போயின. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 20 காலையில், மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகக் காற்றோடு மரியா தென்கிழக்கில் யாபுகோவா அருகே கரையைக் கடந்தது. தீவு முழுக்க மின்சாரம் போனது. செல்பேசிக் கோபுரங்கள் பெரும்பாலும் செயலிழந்தன. மலைக்கிராமங்களுக்குப் போகும் பாலங்கள் அடித்துக்கொண்டு போயின. அப்போது தீவின் மக்கள்தொகை சுமார் 33 லட்சம்.

புயல் வருவதற்கு முன்பே தீவு பாதி விழுந்துதான் கிடந்தது. அரசின் கடன் 7,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 2016-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, தீவின் வரவு செலவைக் கண்காணிக்க ஏழு பேர் கொண்ட வாரியத்தை அமைத்தது. 2017 மே மாதம் தீவு அரசு திவால் நடவடிக்கைக்குள் போனது, ஜூலையில் அரசு மின்வாரியமும் போனது. கம்பங்களைப் பராமரிக்கவும் மரக்கிளைகளை வெட்டவும்கூட மின்வாரியத்திடம் ஆளும் காசும் இல்லை. மரியா தள்ளிவிட்டது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த சுவரை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் புரியாது. புவேர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள். ஆனால் தீவில் வசிக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது. செனட்டில் ஒரு உறுப்பினரும் இல்லை. கீழவையில் ஒரே ஒரு பிரதிநிதி உண்டு, சட்டங்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் அவருக்கும் வாக்கு இல்லை. புயல் அடித்த அதே வாரம் அமெரிக்காவில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், இவர்கள் நம் நாட்டுக் குடிமக்கள் என்று அறிந்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான். அறிந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் உதவி தர வேண்டும் என்றார்கள். அறியாதவர்களில் பத்தில் நான்கு பேர்தான் அப்படிச் சொன்னார்கள். இந்தச் சம்பவத்தைப் பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்த எண்கள் இவை. உதவி வேண்டுமா வேண்டாமா என்பதை நிர்ணயித்தது புயலின் கடுமை இல்லை, 'நம்மவரா, வெளியாளா' என்ற நினைப்பு.

முதல் சில வாரங்கள்

அதே ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் ஹார்வி சூறாவளி டெக்சாஸைத் தாக்கியிருந்தது. ஒன்பதாவது நாளில் அங்கே சுமார் 30,000 மத்திய அரசுப் பணியாளர்கள் இருந்தார்கள். மரியாவுக்குப் பிறகு ஒன்பதாவது நாளில் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்தவர்கள் சுமார் 10,000. முதல் ஒன்பது நாளில் தனிநபர் உதவியாக ஹார்வியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு 14 கோடி டாலருக்கு மேல் அனுமதியானது. மரியாவுக்கு 62 லட்சம் டாலர்.

இதற்கு அரசுத் தரப்பு சொன்ன விளக்கம்: அது தீவு, லாரியில் போக முடியாது. சரி, அதில் உண்மை உண்டு. விமான நிலையமும் துறைமுகமும் முடங்கிவிட்டால் எல்லாமே தாமதமாகும். ஆனால் தீவு என்பது செப்டம்பர் 20 அன்று தெரியவந்த சங்கதி இல்லையே. பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா 2018 ஜூலையில் வெளியிட்ட தன்னாய்வு அறிக்கை இதைவிட நேர்மையாகப் பேசியது. தீவில் இருந்த கிடங்கின் சரக்கில் பெரும்பகுதி இர்மாவுக்காகவே வெளியே போய்விட்டது, புதிதாக நிரப்புவதற்குள் மரியா வந்துவிட்டது. ஹார்விக்கும் இர்மாவுக்கும் அனுப்பியது போக மிஞ்சிய ஆட்கள்தான் இங்கே வந்தார்கள். அந்தப் பருவத்தின் உச்சத்தில் களத்தில் இருந்த ஃபீமா ஊழியர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாங்கள் பார்த்த வேலைக்கு உரிய தகுதி பெறாதவர்கள் என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமும் பதிவு செய்தது.

துறைமுகக் கதையும் சொல்ல வேண்டியது. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்ற அமெரிக்கக் கப்பல்களை மட்டுமே அனுமதிக்கும் 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தளர்த்தச் சொல்லி பெரிய விவாதம் நடந்து, செப்டம்பர் 28-இல் பத்து நாளுக்குத் தளர்த்தினார்கள். அந்தச் சட்டம் தீவின் விலைவாசியை ஆண்டு முழுக்க ஏற்றிவைக்கிறது என்ற புகார் தனியே பேச வேண்டியது. ஆனால் அந்த வாரம் சான் ஹுவான் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான கொள்கலன்கள் இறங்கி அடுக்கிக் கிடந்தன. எடுத்துப்போக லாரி ஓட்டுநர்கள் இல்லை, லாரிக்கு டீசல் இல்லை, ஓட்டுநரைக் கூப்பிடத் தொலைபேசி இல்லை. தண்ணீரும் சாப்பாடும் தீவுக்குள் இருந்தன, சேர வேண்டிய ஊருக்கு மட்டும் சேரவில்லை.

'9,100 கோடி' என்ற எண்

2017 அக்டோபர் 3-இல் அதிபர் டிரம்ப் தீவுக்கு வந்தார். குவைனாபோ ஊரில் ஒரு தேவாலயத்தில் கூடியிருந்தவர்களை நோக்கிக் காகிதத் துவாலைச் சுருள்களை வீசிய காட்சி உலகம் முழுக்க ஓடியது. அன்று அவர் பேசியதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நம் பட்ஜெட்டையே கொஞ்சம் தடுமாற வைத்துவிட்டீர்கள் என்றார். 2005-இல் வந்த கத்ரீனா சூறாவளியில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள், இங்கே 16 பேர்தான், அதற்காகப் பெருமைப்படலாம் என்றார். அவர் கிளம்பிப் போன சில மணி நேரத்தில் அந்த 16, 34 ஆனது.

அதே மாதக் கடைசியில் நாடாளுமன்றம் 3,650 கோடி டாலர் நிதியை ஒப்புக்கொண்டது. அது டெக்சாஸ், புளோரிடா, காட்டுத்தீ எல்லாவற்றுக்கும் சேர்த்து. அதில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கென்று முக்கியமாகச் சொல்லப்பட்டது ஏறத்தாழ 490 கோடி டாலர் கடன். ஆமாம், திவாலான அரசுக்குக் கடன். அதுவும் உடனே வரவில்லை. உங்கள் ரொக்க இருப்பு இன்னும் அதிகமாக இருக்கிறது, குறைந்த பிறகு பார்க்கலாம் என்று 2018 ஜனவரியில் மத்திய நிதித்துறை எழுதியது. பிப்ரவரியில் வந்த அடுத்த சட்டம்தான் பெரியது. மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டுக்கு இரண்டு ஆண்டுக்கான பணம், மின்கட்டமைப்புக்கு 200 கோடி, வீட்டுவசதித் துறை வழியாக மறுகட்டுமானத்துக்குப் பெருந்தொகை என்று அதில் வந்தது.

2019-இல் 'புவேர்ட்டோ ரிக்கோவுக்கு 9,100 கோடி டாலர் கொடுத்தாகிவிட்டது' என்ற வாதம் அதிபரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்தது. அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால் இப்படி இருந்தது. ஒதுக்கியது சுமார் 4,100 கோடி. மீதி, இனி வரும் பல ஆண்டுகளில் ஃபீமா செலவழிக்கக்கூடும் என்று போட்ட மதிப்பீடு. உண்மையில் தீவுக்கு வந்து செலவானது அப்போது சுமார் 1,100 கோடி. கல்யாணத்துக்குப் பத்து லட்சம் தருகிறேன் என்று சபையில் சொல்லிவிட்டு, கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் கொடுத்தவர், பத்து லட்சம் கொடுத்த கணக்கில் பேசினால் பெண்ணைப் பெற்றவர் என்ன செய்வார்?

இந்த எண் வெறும் மேடைப் பேச்சாக நிற்கவில்லை. மக்களின் சாப்பாட்டுத் தட்டையே தொட்டது. அமெரிக்காவின் மாநிலங்களில் உணவு உதவித் திட்டம் தேவை கூடினால் தானாக விரியும். புவேர்ட்டோ ரிக்கோவுக்கு 1982 முதல் ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்ட தொகைதான். அதனால் புயல் வந்தாலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கிய கூடுதல் நிதி 2019 மார்ச்சில் தீர்ந்தது, பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரின் மாத உதவி வெட்டுப்பட்டது. தேவைப்பட்டது 60 கோடி டாலர். அதிகம் கொடுத்துவிட்டோம் என்று ஒரு தரப்பும், இது போதாது என்று மறு தரப்பும் நின்றதில் செனட்டில் இரண்டு மசோதாவும் ஏப்ரலில் விழுந்தன. அயோவா, நெப்ராஸ்காவில் வெள்ளத்தில் மூழ்கிய விவசாயிகளுக்கான உதவியும் அதோடு சேர்ந்தே மாட்டிக்கொண்டது. கடைசியில் ஜூன் மாதம் 1,910 கோடி டாலர் சட்டம் நிறைவேறியபோது அந்த 60 கோடியும் உள்ளே இருந்தது. மூன்று மாதம். கடைக்காரரிடம் கடன் சொல்லி அரிசி வாங்குகிற வீட்டில் மூன்று மாதம் எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒதுக்கிய பணம் ஏன் வரவில்லை

ஃபீமாவின் மறுகட்டுமானப் பணத்தில் பெரும்பகுதி 'முதலில் செலவு செய், பில் கொடு, பிறகு தருகிறேன்' முறை. பணமுள்ள மாநிலத்துக்கு அது பெரிய சிக்கல் இல்லை. திவாலான தீவில், ஊழியர் சம்பளத்துக்கே திணறும் சிறு நகராட்சி எந்தக் கையிருப்பை வைத்துப் பாலம் கட்டும்? அதற்கு மேல் 2017 நவம்பரிலேயே ஒவ்வொரு பில்லையும் கையால் சரிபார்த்த பிறகே பணம் என்ற தனிக் கட்டுப்பாடும் வந்தது. பெரிய வேலைகளுக்கு மொத்த மதிப்பீட்டை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும், பின்னால் செலவு ஏறினால் அது தீவின் பொறுப்பு என்ற முறையும் வந்தது. அதனால் ஒவ்வொரு மதிப்பீட்டின் மீதும் மாதக்கணக்கில், சிலதில் ஆண்டுக்கணக்கில் இழுபறி. மின்கட்டமைப்புக்கான 960 கோடி டாலரை ஃபீமா அறிவித்தது 2020 செப்டம்பரில், புயல் அடித்து மூன்று ஆண்டு கழித்து.

வீட்டுவசதித் துறை இன்னும் ஒரு படி மேலே போனது. எதிர்காலப் புயல்களுக்கு எதிரான பாதுகாப்பு வேலைகளுக்கு 830 கோடி டாலர் ஒதுக்கியாகிவிட்டது. அதைக் கேட்டு விண்ணப்பிக்கும் விதிமுறையை 2019 செப்டம்பர் 4-க்குள் வெளியிட வேண்டும் என்று சட்டமே தேதி போட்டிருந்தது. மற்ற மாநிலங்களுக்கு வெளியிட்டார்கள். புவேர்ட்டோ ரிக்கோவுக்கு வெளியிடவில்லை. கெடு தாண்டியது தங்களுக்குத் தெரியும் என்று அதிகாரிகள் அக்டோபரில் நாடாளுமன்றக் குழு முன் ஒப்புக்கொண்டார்கள். விதிமுறை வெளிவந்தது 2020 ஜனவரியில், தெற்குக் கரையில் 6.4 அளவு நிலநடுக்கம் வந்த பிறகு.

இதற்கெல்லாம் சொன்ன காரணம் ஊழல் பயம். அந்தப் பயம் கற்பனை இல்லை. தீவின் மின்வாரியம், புயல் அடித்தபோது இரண்டே முழுநேர ஊழியர்கள் இருந்த வைட்ஃபிஷ் என்ற மொன்டானா நிறுவனத்துக்கு 30 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது, எதிர்ப்பு வந்ததும் ரத்து செய்தது. 2019 ஜூலையில் முன்னாள் கல்விச் செயலரை மத்திய அரசு கைது செய்தது. அதே வாரங்களில் ஆளுநர் ரிக்கார்டோ ரொசெய்யோவின் குழு அரட்டை வெளியாகி, இறந்தவர்களையே கேலி செய்திருந்தது தெரிந்ததும் லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஆளுநர் பதவி விலகினார். 2020 ஜனவரியில் போன்சே நகரில் ஒரு கிடங்கை மக்கள் திறந்தபோது உள்ளே தண்ணீரும் குழந்தை உணவும் தார்ப்பாயும் பிரிக்காமல் கிடந்தன. தீவு அரசை இதில் நான் காப்பாற்றப் போவதில்லை.

ஆனால் ஃபீமாவும் அட்லாண்டாவில் ஒரே ஆள் நடத்திய நிறுவனத்திடம் 3 கோடி சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு 15.6 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. வந்தது 50,000 பொட்டலம். அதே சமயம் சமையற்கலைஞர் ஹோசே ஆந்திரேஸின் தன்னார்வக் குழு, உள்ளூர்ச் சமையல்காரர்களையும் பள்ளிச் சமையற்கூடங்களையும் சேர்த்துக்கொண்டு 30 லட்சத்துக்கு மேல் சாப்பாடு போட்டது. அதனால் தீவுக்காரர்களிடம் பணம் கொடுத்தால் வீணாகும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தீவு அரசுக்குக் கடன் கொடுத்த கடன்பத்திரக்காரர்களுக்குப் போய்விடும் என்ற இன்னொரு வாதமும் அப்படித்தான். வேலைவாரியாகப் பில் பார்த்துத் தரும் பணத்தை அப்படித் திருப்பிவிட வழியில்லை. தவிர, ஊழலைத் தடுக்கத் தணிக்கையாளர்களைக் கூட்டியிருக்கலாம். பணத்தை நிறுத்தியதில் ஊழல் செய்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை, கூரை இல்லாதவர்தான் நனைந்தார்.

பத்திரம் எங்கே?

தனிநபர் உதவிக்கு தீவிலிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. மிகப் பல நிராகரிக்கப்பட்டன. அவற்றில் பல்லாயிரம் விண்ணப்பங்களுக்குச் சொன்ன காரணம்: வீடு உங்களுடையது என்று நிரூபிக்கவில்லை.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தாத்தா நிலத்தில் அப்பா ஒரு பக்கம் வீடு கட்டுவார், பின்பக்கம் மகள் இரண்டு அறை எடுப்பாள். தாத்தா போன பிறகு பத்திரத்தை யாரும் மாற்றவில்லை. அண்ணன் தம்பி எல்லோருக்கும் பங்கு உண்டு, பாதிப்பேர் ஒர்லாண்டோவிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள். ஸ்பானிய மரபில் வந்த தீவின் சட்டப்படி வாரிசுகளுக்கு உரிமை தானாக வந்துவிடும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. இப்படிக் குடும்ப நிலத்திலும், 1940-களில் அரசு பிரித்துக் கொடுத்த மனைகளிலும், 1989-இல் ஹியூகோ புயலுக்குப் பிறகு குடியேறிய இடங்களிலும் எழுந்த வீடுகள் ஏராளம். கனோவனாஸ் ஊரில் ஒரு குடியிருப்புக்கே 'வில்லா ஹியூகோ' என்றுதான் பெயர். அங்கே ஆய்வாளர் வந்து நின்று, கூரை பறந்த வீட்டைப் படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் கேட்டார். மின்கட்டண ரசீது இருக்கிறது, இருபது வருடமாக இதே வீட்டில்தான் இருக்கிறோம் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். வந்த கடிதமோ, தகுதியில்லை என்றது. பட்டா இல்லாத மனையில் கால் நூற்றாண்டு குடியிருந்த யாரையாவது தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த நிபந்தனை எந்தச் சட்டத்திலும் எழுதப்பட்டதில்லை. பேரிடர் உதவிச் சட்டம் சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு உதவி என்கிறதே தவிர, பதிவுப் பத்திரம் வேண்டும் என்று சொல்லவில்லை. தீவின் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் இதைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் போராடினார்கள். 2018 ஆகஸ்டில் ஒரு பக்க உறுதிமொழிப் படிவத்தை ஏற்கிறோம் என்று ஃபீமா ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தப் படிவத்தைத் தன் இணையதளத்தில் போடவில்லை. ஏற்கெனவே நிராகரித்தவர்களுக்கு எழுதிச் சொல்லவும் இல்லை. படிவம் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு மட்டும் அது இருந்தது.

செத்தவர் கணக்கு

64 என்ற எண் எப்படி வந்தது? புயலால் இறந்தார் என்று சொல்ல வேண்டுமானால் சான் ஹுவானில் உள்ள தடயவியல் அலுவலகம் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது மருத்துவர் இறப்புச் சான்றிதழில் அப்படி எழுத வேண்டும். ஜெனரேட்டர் நின்று ஆக்சிஜன் இயந்திரம் அணைந்து இறந்தவருக்கு 'சுவாசக் கோளாறு' என்று எழுதினார்கள். குளிர்பெட்டி இல்லாமல் இன்சுலின் கெட்டுப்போய் இறந்தவருக்கு 'சர்க்கரை நோய்'. ஹார்வர்டு ஆய்வாளர்கள் வீடு வீடாகக் கேட்டு 2018 மே மாதம் வெளியிட்ட மதிப்பீடு 4,645, கீழும் மேலுமாக மிக அகலமான வரம்போடு. ஆளுநரே கேட்டுக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் 2,975 என்றது. 2018 ஆகஸ்டில் தீவு அரசு அதையே அதிகாரப்பூர்வ எண்ணாக ஏற்றது. அடுத்த மாதம் அதிபர் டிரம்ப், மூவாயிரம் பேர் இறக்கவில்லை என்று ட்வீட் செய்தார்.

இது வெறும் எண் சண்டை இல்லை. இறுதிச் சடங்குச் செலவுக்கு ஃபீமா உதவி உண்டு, ஆனால் மரணம் புயலால்தான் என்று ஆவணம் வேண்டும். 2018 ஜூலை முடிய 2,431 குடும்பங்கள் விண்ணப்பித்தன. கிடைத்தது 75 குடும்பங்களுக்கு.

வியேக்கஸ்

பெருந்தீவின் கிழக்கே வியேக்கஸ் என்று ஒரு குட்டித் தீவு, சுமார் 9,000 பேர். அங்கே இருந்த ஒரே மருத்துவமனையை மரியா கெடுத்தது, மூடிவிட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர்கள் அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் விடியற்காலையில் கிளம்பி, சிறு விமானத்தில் கடலைத் தாண்டி, பெருந்தீவில் சிகிச்சை முடித்து, சோர்ந்துபோன உடம்போடு அதே வழியில் திரும்பினார்கள். வானிலை கெட்டால் விமானம் இல்லை. அந்தப் பயணங்களுக்கு இடையிலேயே சிலர் இறந்துபோனார்கள். மருத்துவமனையைத் திரும்பக் கட்ட ஃபீமா ஏறத்தாழ 4 கோடி டாலரை அனுமதித்தது 2020 ஜனவரியில். அதற்கு முந்தைய இரண்டேகால் ஆண்டு முழுக்க, பழுதுபார்ப்பதா புதிதாகக் கட்டுவதா, மதிப்பீடு எவ்வளவு என்று பேச்சுதான். '9,100 கோடி' என்று வாஷிங்டன் பேசிக்கொண்டிருந்த மாதங்களும் அவைதான்.

பத்திர விதியை ஃபீமா 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் மாற்றியது. வேறு ஆவணம் இல்லாதவர் வீடு தன்னுடையது என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும். 2022 செப்டம்பர் 18-இல் ஃபியோனா சூறாவளி வந்து தீவு மறுபடி முழுக்க இருட்டானபோது, அந்தப் புது விதியின் கீழ் மக்கள் விண்ணப்பித்தார்கள். அப்போதும் சில வீடுகளின் மேல் மரியா காலத்து நீலத் தார்ப்பாய்தான் கூரையாக இருந்தது. புது விதி 2021 ஆகஸ்ட் 23 முதல் அறிவித்த பேரிடர்களுக்கு மட்டும் பொருந்தும். மரியாவில் பத்திரம் இல்லை என்று நிராகரித்த விண்ணப்பங்களுக்குப் பொருந்தாது.